பல வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி: திரும்பிப் பார்த்தால் என்ன தெரிகிறது?

ஜனவரி 11 (கேள்வி)

ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இதுவரை ஐந்து விதமான வேலை பார்த்துவிட்டேன், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தம் கிடையாது. நடுவில் ஓவியம், தச்சு வேலை, ரேடியோ பிரித்து மாட்டுவது என்று பொழுதுபோக்குகள் வேறு. எல்லாம் பாதியில் நிற்கின்றன. என்னோடு படித்தவர்கள் ஒரே துறையில் நின்று, காட்டுவதற்கு ஏதோ வைத்திருக்கிறார்கள். நான் திரும்பிப் பார்த்தால் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. பல வேலை பார்த்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?

ஜனவரி 11, இரவு (பதில்)

அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர், பிழை திருத்தும் புரூஃப் ரீடர், வரைபட அலுவலகத்தில் படத்தை மையால் பிரதி எடுக்கும் டிரேசர், கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி, அப்புறம் கணக்கு எழுதுவது, கடைசியில் அதையே சொல்லிக்கொடுப்பது. இது என் வரிசை. பக்கத்திலேயே இருட்டறைப் புகைப்படம், வயலின், புத்தகம் கட்டுதல்.

எனக்கும் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. அதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்திக் காட்டும் கட்டாயம் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்குத்தான். தம்பி, நீங்கள் விண்ணப்பம் எழுதும் காலம் முடியப்போகிறது.

பாதியில் நிற்கிறது என்கிறீர்கள். எது முழுசு என்று யார் அளந்து சொன்னார்கள்? இதை யோசித்து எழுதுகிறேன்.

ஜனவரி 13

யோசித்தேன். முதலில் ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஈய எழுத்துக் கோப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இடது கையில் ஸ்டிக் என்கிற அடுக்கும் தட்டு, வலது கையால் கேஸில் (அறை அறையாக எழுத்து இருக்கும் பெட்டி) இருந்து எழுத்தை எடுத்து அடுக்க வேண்டும். எழுத்து தலைகீழாக நிற்கும், கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலம் மாறியும் இருக்கும். இடமிருந்து வலமாகத்தான் அடுக்குவோம், ஆனால் வாசிப்பது தலைகீழாக. எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சின்ன வெட்டு இருக்கும். விரல் அதைத் தடவியே நேராக இருக்கிறதா என்று சொல்லிவிடும், குனிந்து பார்க்க வேண்டியதில்லை. அச்சடித்து முடித்ததும் எல்லாவற்றையும் பிரித்து அறை அறையாகத் திரும்பப் போட வேண்டும். அந்த வேலைக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அதைச் சரியாகச் செய்யாவிட்டால் மறுநாள் கோப்பவர் கையில் தவறான எழுத்து வரும்.

நான் சேர்ந்த புதிதில்தான் 1978 எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. தும்பிக்கை வைத்த லை, னை போய், ஐகாரக் குறியைத் தனியாக முன்னால் வைக்கும் முறை வந்தது. பழைய எழுத்தும் புதிய எழுத்தும் கொஞ்ச காலம் ஒரே பக்கத்தில்கூட வந்துவிடும். அதைப் பிடிப்பதற்கென்றே கண் பழகியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரொம்ப வருஷம் கழித்துக் கணக்கு எழுதப் போனேன். இருப்பாய்வில் பற்றும் வரவும் பொருந்தவில்லை. வித்தியாசம் 180. அங்கே இருந்த மூத்தவர் சொன்னார்: வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார். 460 என்று எழுத வேண்டியதை 640 என்று எழுதினால் 180 வரும். எந்த இரண்டு இலக்கத்தை மாற்றினாலும் வித்தியாசம் 9-இன் மடங்காகத்தான் இருக்கும். எனக்கு அது புது விதி. ஆனால் பேரேட்டில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க நேரமே ஆகவில்லை. இடம் மாறிய எழுத்தைத் தேடித் தேடிப் பழகிய கண் அது. புரூஃப் பார்க்கும்போது செய்த அதே காரியம்: வரிக்குக் கீழே அளவுகோலை வைத்து, அர்த்தத்தை விட்டுவிட்டு, வடிவத்தை மட்டும் பார்ப்பது.

அச்சகத்துக்கும் கணக்குக்கும் சம்பந்தம் கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சம்பந்தம் இருந்தது இந்த ஒரு சின்ன இடத்தில்.

ஜனவரி 14

"ஒரு திறமை எல்லா வேலைக்கும் கைகொடுக்கும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னது ஒரு கண், ஒரு வகைப் பிழை, அவ்வளவுதான். கோப்பதில் இருந்த வேகம் டிடிபிக்கு வந்தபோது ஒன்றுக்கும் உதவவில்லை. விசைப்பலகை முன்னால் நான் புதுசு.

வயலின் வேறு எந்த வேலைக்கும் எதையும் தரவில்லை. சாயங்காலத்தை மட்டும் தந்தது. அதற்கு மேல் அதனிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஜனவரி 17

வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது.

1738-இல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். அப்பா ராணுவ வாத்தியக் குழுவில் இருந்தார், இவரும் அதே குழுவில் ஓபோ என்ற ஊதும் வாத்தியம் வாசித்தார். 1757-இல் இங்கிலாந்துக்குப் போய் இசையையே பிழைப்பாக்கிக்கொண்டார். சிம்பொனிகள் மட்டுமே 24 எழுதினார். 1766-இல் பாத் நகரத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிக்கும் பதவி கிடைத்தது. அங்கே இருந்தபோது இசையின் கணக்கைத் தெரிந்துகொள்ள ராபர்ட் ஸ்மித் என்பவர் எழுதிய நூலைப் படிக்கிறார். பிடித்துப்போய், அதே ஆள் ஒளியியல் பற்றி எழுதிய நூலையும் எடுக்கிறார். அதில் தொலைநோக்கி செய்யும் விதம் இருக்கிறது. அவ்வளவுதான், வீடே பட்டறை ஆகிவிட்டது.

அந்தக் காலத் தொலைநோக்கிக்குள் இருக்கும் ஆடி கண்ணாடியால் ஆனது இல்லை, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனது. வார்த்து, தேய்த்து, மெருகேற்ற வேண்டும். மெருகேற்றும்போது கையை எடுத்தால் பரப்பு கெட்டுவிடும். ஒருமுறை 16 மணி நேரம் அவர் கையை எடுக்கவே இல்லை என்றும், தான்தான் வாயில் ஊட்டிவிட்டதாகவும் தங்கை கரோலின் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், அந்த அண்ணன் தங்கை மேல் பிரியமும் வரும்.

1781 மார்ச் 13 இரவு, வீட்டுத் தோட்டத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது யுரேனஸ் அவர் கண்ணில் பட்டது. அப்போது அவருக்கு வயது 42, தொழில் இசை. அடுத்த வருஷம் அரசர் ஆண்டுக்கு 200 பவுண்டு மானியம் கொடுத்த பிறகுதான் இசைத் தொழிலை விட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது கிரகம் இல்லை. இசைப் புத்தகத்தில் இருந்து ஒளியியல் புத்தகத்துக்குப் போன வழி. எழுதியவர் ஒருவரே என்பதைத் தவிர அந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய காரணம் எதுவும் இல்லை. நம் வேலை மாற்றங்கள் பலவும் இப்படித்தான் நடந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். நான் டிரேசர் ஆனது, வரைபடத்தில் எழுத்து எழுத நல்ல கை வேண்டும் என்று அச்சகத்துக்கு யாரோ வந்து கேட்டதால்.

ஜனவரி 18

நேற்று எழுதியதைப் படித்தபோது கரோலினைத் தாண்டி வந்துவிட்டது உறுத்தியது.

அவரும் இசைக்காரர்தான். நன்றாகப் பாடுவார், மேடையில் பாடி சம்பாதிக்கத் தொடங்கியிருந்தார். அண்ணன் வானத்துப் பக்கம் போனதும் அவர் பாட்டும் நின்றது. இரவெல்லாம் அண்ணன் சொல்லச் சொல்லக் குறிப்பு எடுத்தார், பகலில் கணக்குப் போட்டார். பிறகு தன் சொந்தத் தொலைநோக்கியில் 1786-இல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். மொத்தம் எட்டு அவர் பேரில் வந்தன. 1787-இல் அரசாங்கம் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தது. வானியலில் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் பாட்டை விடுவது அவராகத் தேடிய மாற்றம் இல்லை.

ஒருவர் ஆறு வேலை மாற வேண்டும் என்றால், பக்கத்தில் யாரோ ஒருவர் மாறாமல் இருக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது என் கணவர். மாதம் பிறந்தால் வரும் சம்பளம் ஒன்று இருந்ததால்தான் டிரேசர் வேலையை விட்டு டிடிபி படிக்க முடிந்தது. அவருக்கு மரச் செதுக்கலில் ஆசை உண்டு. உளிகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார், ஓய்வு பெற்ற பிறகுதான் பிரித்தார். இப்போது தினமும் செதுக்குகிறார். நன்றாகவே வருகிறது.

தம்பி, உங்கள் ஐந்து வேலையையும் எண்ணும்போது, ஒவ்வொரு மாற்றத்திலும் வீட்டில் யார் எதைத் தள்ளிப்போட்டார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அவர்களிடமே கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத பதில் வரும்.

ஜனவரி 22

ஒரே வேலையில் இருந்தவர்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். அச்சகத்தில் ஒருவர் தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பார்த்து, இத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று சொல்லுவார். மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே உருளையில் மை கூடிவிட்டது என்பார். அந்த ஆழம் முப்பது வருஷம் ஒரே இடத்தில் நின்றவருக்குத்தான் வரும். எனக்கு வரவில்லை, வராது. அகலத்துக்கு நான் கொடுத்த விலை அது. அதை மறைத்துக்கொண்டு பல வேலை பார்ப்பதே சிறந்தது என்று பேசினால் அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஜனவரி 23

"அப்படியானால் வருத்தம் இருக்கிறதா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சில நாள் இருக்கிறது.

ஜனவரி 27

பாதியில் நிற்பதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா.

ரஷ்யாவின் போரோடின் வேதியியல் பேராசிரியர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவக் கழகத்தில் பாடம் நடத்தினார், இன்றும் கரிம வேதியியல் மாணவர்கள் படிக்கும் ஆல்டால் வினையை ஆராய்ந்தவர்களில் ஒருவர், பெண்களுக்கு மருத்துவப் படிப்பு தொடங்கவும் உழைத்தார். இதற்கு நடுவில் கிடைத்த நேரத்தில் இசை. 1869-இல் ஒரு ஆபராவை (இசை நாடகம்) எழுதத் தொடங்கினார். 1887-இல் இறக்கும்போதும் அது முடியவில்லை. இசையமைப்பாளர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் சேர்ந்து அதை முடித்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். (இந்த ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படை அதிகாரியாக இருந்தவர். அந்த இசைக் கூட்டத்தில் பலர் நேர்வழியில் வந்தவர்களாகத் தெரியவில்லை.)

அவர் வேதியியலை விட்டுவிட்டு இசையே எழுதியிருக்கலாம் என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு அவர் பேராசிரியர். அவர்களுக்கு அவர் கொடுத்தது முழுசு.

நின்றுபோனவை எல்லாம் ஒரே வகை இல்லை. நான் மூன்றாகப் பிரித்தேன். போதுமான அளவு தெரிந்துகொண்டதால் விட்டவை: எனக்கு டிடிபி அப்படி. கஷ்டமான இடம் வந்ததும் விட்டவை: வயலினில் நாலாவது விரல் அழுத்தம் கேட்ட இடம், அங்கேயே வருஷக்கணக்கில் நின்றேன். மூன்றாவது, வாழ்க்கை குறுக்கே வந்து விட வேண்டியிருந்தவை. வலிப்பது அந்த மூன்றாவதுதான். உங்கள் ஓவியம், தச்சு, ரேடியோ எந்த எந்த வகை? முதல் வகையில் இருப்பதை முடிந்ததாக எழுதிவிடலாம்.

ஜனவரி 28

மேலே எழுதியதில் ஒரு சேர்க்கை. இரண்டாம் வகையைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டதாக இன்று தோன்றுகிறது. கஷ்டமான இடத்தில் நின்ற வருஷங்களிலும் நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், தெரிந்த பாட்டுகளையே திரும்பத் திரும்ப. குழந்தைகள் தூங்கியது அதைக் கேட்டுத்தான். முன்னேற்றம் இல்லை என்பதற்காக அந்தச் சாயங்காலங்களைக் கழித்துவிட முடியுமா? அந்த வகையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 'விட்டவை' என்ற தலைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி 2

பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்தேன், அதனால் இன்று இருட்டறை.

சிவப்பு விளக்கு. கருப்பு-வெள்ளைத் தாளுக்கு அந்த வெளிச்சம் தெரியாது, அதனால்தான் அந்த நிறம். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரில் கொஞ்ச நொடி வெளிச்சம் காட்டி, வெறும் வெள்ளையாக இருக்கும் தாளை, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலில் விடுவோம். தட்டின் ஒரு ஓரத்தை மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். முதலில் கரிய இடங்கள், தலைமுடி, கண்ணின் பாவை, அப்புறம் மெல்ல மெல்ல முகம். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். பிறகு அமிலத் தொட்டி, பிறகு ஹைப்போ, பிறகு ஓடுகிற தண்ணீர்.

இந்த ஹைப்போ விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் படம் நிற்காது, கறுத்துவிடும். ஹைப்போ என்கிற சோடியம் தயோசல்ஃபேட் வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819-இல் எழுதியவர் ஜான் ஹெர்ஷல், நான் முன்னால் சொன்ன வில்லியமின் மகன். இருபது வருஷம் கழித்து, 1839-இல் புகைப்படம் பிறந்தபோது, படத்தை நிலைநிறுத்த அதைப் பயன்படுத்தலாம் என்று காட்டியவரும் அவரே. 1842-இல் அவர் கண்டுபிடித்த நீல அச்சு முறைதான் பின்னால் பொறியாளர்களின் ப்ளூ பிரிண்ட் ஆனது.

நான் டிரேசராக இருந்தபோது வரைபடப் பிரதிக்கு அம்மோனியா பிரிண்ட் வந்துவிட்டது, மூக்கைத் துளைக்கும். ஆனால் அதையும் பழக்கத்தில் ப்ளூ பிரிண்ட் என்றே சொல்லுவோம். பகலில் அந்த வேலை, ராத்திரி வீட்டில் ஹைப்போ தொட்டி. இரண்டுக்கும் பின்னால் ஒரே மனிதர் இருந்தார் என்பது தெரிந்தபோது அந்த இரண்டு வேலையும் வேலையை விட்டு ரொம்ப காலத்துக்கு அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. திரும்பிப் பார்ப்பதில் இந்த லாபம் இருக்கிறது. சம்பந்தம் பின்னால்கூட வரும்.

பழைய நெகட்டிவ் வைத்திருப்பவர்களுக்கு: பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் அசிட்டேட் பிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவற்றை மற்றவற்றில் இருந்து உடனே தனியாக எடுங்கள், முதலில் அவற்றையே பிரதி எடுங்கள். ஒரு கைபேசித் திரையை முழு வெள்ளையாக வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே நெகட்டிவைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கைபேசியில் படம் எடுத்து நிறத்தைத் திருப்பிப்போட்டால் போதும். திரையில் ஒட்டி வைத்தால் புள்ளிகள் தெரியும்.

பிப்ரவரி 10

கை நடுங்குவதால் இனி நுணுக்கமான எதுவும் முடியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். கருவியை மாற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் என்ற பண்ணைப் பெண்மணி துணியில் பூவேலை செய்துகொண்டிருந்தார். மூட்டு வலியால் ஊசி பிடிக்க முடியாமல் போனதும், வயது எழுபத்தைந்தைத் தாண்டிய பிறகு, தூரிகையை எடுத்தார். 1961-இல் 101 வயதில் இறக்கும் வரை ஆயிரத்துக்கு மேல் ஓவியங்கள் வரைந்தார். ஊசிக்கு வேண்டிய பிடி வேறு, தூரிகைக்கு வேண்டிய பிடி வேறு. எந்தப் பிடி உங்களிடம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு வயலின் பிடிக்கும் இடது தோள் போய்விட்டது, ஆனால் புத்தகம் தைக்கும் ஊசி நன்றாகவே நிற்கிறது.

பிப்ரவரி 19

தம்பி, பேரப்பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் எழுதிவைக்க நினைக்கிறீர்கள், எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். பிறந்த வருஷத்தில் தொடங்காதீர்கள். ஒவ்வொரு வேலையிலும் ஒரு சாதாரண நாளை எடுங்கள். காலையில் முதலில் கை எதைத் தொட்டது, எந்தச் சத்தம், எந்த வாசனை, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உதாரணத்துக்கு, டிரேசிங் தாளில் மைக்கோடு தப்பாகப் போனால் ரப்பரால் அழிக்க மாட்டோம். பிளேடைப் படுக்கவைத்து, தாளின் தோல் கிழியாமல் மையை மட்டும் சுரண்டி எடுப்போம். சுரண்டிய இடம் சொரசொரவென்று ஆகிவிடும், அப்படியே கோடு போட்டால் மை பரவும். அதனால் நகத்தின் பின்பக்கத்தால் அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, அப்புறம்தான் 0.2 மி.மீ. பேனாவை வைப்போம். இதை எழுதும்போது என் கட்டைவிரல் தானாக அசைகிறது. நான் எந்த வருஷம் எந்தப் பதவியில் இருந்தேன் என்பதைவிட என் பேத்திக்கு இது பிடித்திருந்தது, நகத்தால் தேய்த்துக் காட்டச் சொன்னாள்.

பிப்ரவரி 26

தச்சு வேலையைப் பற்றி முதலில் எழுதியிருக்கிறீர்கள், படித்தேன். இழைப்புளியை நாருக்கு எதிராகத் தள்ளினால் மரம் பெயரும் என்ற இடம் அருமை. அதை அப்படியே விட்டுவிடுங்கள், விளக்கம் சேர்க்க வேண்டாம்.

எழுதி முடித்ததைக் கட்டுவது எப்படி என்ற கேள்விக்கு: மரத்துக்கு இருப்பது போலவே தாளுக்கும் நார் ஓட்டம் உண்டு, உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். தாளை மெதுவாக வளைத்துப் பாருங்கள், எப்படி வளைத்தால் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்பு ஓடும் பக்கம்தான் நார் வாக்கு. அந்த ஓட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் பசை ஈரத்தில் தாள் நெளியும், புத்தகம் திறந்து படுக்காது. நாலு தாளை ஒன்றாக மடித்தால் 16 பக்கம், அது ஒரு கட்டு. மடிப்பில் துளைகளை முதலிலேயே ஊசியால் போட்டுவிடுங்கள், எல்லாக் கட்டிலும் ஒரே அளவில். தைக்கும்போது குத்திக்கொண்டே போனால் வரிசை விலகும். நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள், சிக்காது. நூலை இழுக்கும்போது முதுகின் போக்கிலேயே இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் துளை கிழிந்துவிடும்.

ஓவியப் பக்கங்களையும் நடுவில் சேர்ப்பதாக இருந்தால் சொல்லுங்கள். கனமான தாளைத் தைக்கும் முறை கொஞ்சம் வேறு.